மூன்று ஆசிலேட்டர்களும் அண்ணனின் குரலும்

அண்ணனின் கழுத்தில் இருந்த வீக்கத்தை முதலில் கவனித்தது அம்மாதான், அதுவும் டி.வி.யில்.

அண்ணன் அப்போது ஒரு மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தான். தி.நகர் மண்டபங்களில் கல்யாண வரவேற்பு என்றால் மேடையின் ஓரத்தில் ஒரு பாட்டுக் கச்சேரி நடக்கும். அந்தக் குழுவுக்கு அதுதான் பிழைப்பு. அப்படி ஒரு கல்யாணத்தின் வீடியோ கேசட் எங்கள் கைக்கு வந்தது. பக்கத்து வீட்டில் டெக் இருந்ததால் அங்கே போய்ப் பார்த்தோம். மூன்று மணி நேரக் கேசட்டில் அண்ணன் ஐந்து நிமிடம் வந்தான். அந்த ஐந்து நிமிடத்திலும் அவன் குரல் இல்லை. மண்டபத்துச் சத்தத்தை அழித்துவிட்டு, அதன்மேல் ஒரிஜினல் சினிமாப் பாட்டை ஏற்றியிருந்தார்கள். அண்ணன் வாயசைத்தான், வேறு யாரோ பாடினார்கள். எல்லோரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை.

"இன்னாடா அது, முழுங்குறப்ப கழுத்துல உருண்டையா ஏறி எறங்குது?"

"வீடியோ லைட்டும்மா. அதுல எல்லாமே வீங்குன மாறிதான் தெரியும்," என்றான் அண்ணன்.

லைட் இல்லாமலும் அது தெரிந்தது. இரண்டு மாதத்தில் சட்டையின் மேல் பொத்தானைப் போட முடியவில்லை. தைராய்டு கட்டி, எடுத்துவிடுவதுதான் நல்லது, எடுத்த பிறகுதான் அது எந்த மாதிரிக் கட்டி என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர். எந்த மாதிரி என்று அவர் சொல்லாமல் விட்ட வார்த்தை எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. அப்பா அந்த வார்த்தையில்தான் போயிருந்தார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நர்ஸ் ஒரு ஃபார்மைக் கொண்டுவந்தாள். முழுக்க இங்கிலீஷ். அண்ணன் எட்டாவதோடு நின்றவன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ஃபார்ம் என் கைக்கு வந்தது. நடுவில் ஒரு வரி இருந்தது. குரலில் மாற்றம் ஏற்படலாம், அது தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ இருக்கலாம் என்று. இரண்டு தடவை படித்தேன். அண்ணன் பக்கத்துக் கட்டில்காரரிடம் ஏதோ கல்யாண வீட்டுக் கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தான்.

"சீக்கிரம் போடும்மா, டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துருவாரு," என்றாள் நர்ஸ்.

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "இன்னா பாப்பா எழுதிக்கீது அதுல?"

"எல்லாருக்கும் குடுக்குற ஃபார்ம்தாண்ணா. கையெழுத்து போடு."

போட்டான். அவன் பெயருக்குக் கீழே உறவினர் என்ற இடத்தில் நான் போட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு எத்தனையோ தடவை என்னையே கேட்டுக்கொண்டேன். சொன்னால் அவன் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுவான் என்று பயந்தேன். அப்பாவைப் போல ஆகிவிடுவான் என்று பயந்தேன். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நிமிடத்தில் இவ்வளவு யோசித்தேன் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. நர்ஸ் அவசரப்படுத்தினாள், நான் அவசரப்பட்டேன். அவ்வளவாகவும் இருக்கலாம்.

கட்டி சாதாரணக் கட்டிதான் என்று ரிப்போர்ட் வந்தது. குரல் வரவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது, அதன் அடியில் மெல்லிசாக ஒரு கரகரப்பு. குரல்நாணுக்குப் போகும் நரம்பு அடிபட்டிருக்கலாம், ஆறு மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். ஆறு மாதம் கழித்து அண்ணனின் நாக்கை இழுத்துப் பிடித்துத் தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தார். இடது பக்கம் அசையவே இல்லை.

"பேச்சுக்கு இது போதும். கஷ்டப்படுத்திக்காம பேசிப் பழகிக்கணும்."

"பாட்டு?" என்றான் அண்ணன், அந்தக் காற்றிலேயே.

டாக்டர் வாஷ்பேசின் பக்கம் போய்க் கை கழுவ ஆரம்பித்தார். நாங்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தோம்.

குழுவின் தலைவர்தான் அதில் கீபோர்டும் வாசிப்பவர். நல்ல மனிதர். அண்ணனை உடனே கைவிடவில்லை. தாம்புரின் தட்டச் சொல்லி நான்கு கல்யாணங்களுக்குக் கூட்டிப்போனார். ஐந்தாவதற்கு அண்ணன் போகவில்லை. அவன் பாடிக்கொண்டிருந்த பாட்டுகளை ஒரு புதுப் பையன் பாட, பக்கத்தில் நின்று தாம்புரின் தட்டுவது அவனால் ஆகவில்லை. தலைவர் தன்னுடைய பழைய கீபோர்டைக் கொடுத்தனுப்பி, இதைப் பழகிக்கொள்ளச் சொன்னார். அண்ணன் அதை ஒரு வாரம் தட்டிப் பார்த்தான்.

"படிக்கட்டு ஏறுற மாறி கீது பாப்பா," என்று கிசுகிசுத்தான். "நான் பாடுனது சறுக்கு மரம்."

எனக்கு இசை தெரியாது. சுருதி பிடிக்கிற காதும் கிடையாது. ஆனால் அவன் சொன்னது புரிந்தது. அவன் ஒரு ஸ்வரத்தில் நேராகப் போய் உட்கார மாட்டான். கொஞ்சம் கீழே இருந்து கிளம்பி வழுக்கிக்கொண்டே போய்ச் சேருவான். மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தது அதற்காகத்தான்.

அதற்குள் நான் படிப்பை முடித்துவிட்டு, கிண்டியில் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். நாள் முழுக்க சாலிடரிங் அயர்னும் மல்டிமீட்டரும்தான். ஒரு சனிக்கிழமை லஸ் முனையில் நடைபாதைப் புத்தகக் கடையைக் கிளறிக்கொண்டிருந்தபோது அட்டை கிழிந்த ஒரு வெளிநாட்டு எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகை கிடைத்தது. பத்துப் பதினைந்து வருடம் பழையது. அதில் மாடுலர் சிந்தசைசரை வீட்டிலேயே செய்வது பற்றி ஒரு கட்டுரை. கீபோர்டைப் போல ஒரே பெட்டி இல்லை அது. சத்தத்தை உண்டாக்க ஒரு பெட்டி, அதை மென்மையாக்க ஒரு பெட்டி, ஏற்றி இறக்க ஒரு பெட்டி என்று தனித்தனியாகச் செய்து, ஒயர்களால் நமக்கு வேண்டியபடி இணைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. கட்டைகளுக்குப் பதிலாக ஒரு பலகையில் இழுத்துக் கட்டிய கம்பி. விரலை அதன்மேல் வைத்து நகர்த்தினால் ஸ்வரம் வழுக்கிக்கொண்டு போகும்.

அண்ணன் சொன்ன சறுக்கு மரம். அங்கேயே நின்று கட்டுரை முழுவதையும் படித்தேன்.

சத்தத்தை உண்டாக்கும் பெட்டிக்கு ஆசிலேட்டர் என்று பெயர். விடாமல் ஒரே ஸ்வரத்தைக் கத்திக்கொண்டிருக்கும் ஒரு சர்க்யூட். அதற்குள் அனுப்பும் வோல்டேஜ் கூடினால் ஸ்வரம் ஏறும், குறைந்தால் இறங்கும். ஒரு வோல்ட் கூடினால் சரியாக ஒரு ஸ்தாயி ஏற வேண்டும், கீழ் ஸாவிலிருந்து மேல் ஸாவுக்கு. அதுதான் கணக்கு. ரிச்சி தெருவில் சாமான்கள் வாங்கி முதல் ஆசிலேட்டரைச் செய்ய எனக்கு இரண்டு மாதம் ஆனது. வேலை முடிந்து வந்து விளக்கு வைக்கும் நேரத்தில் உட்காருவேன், பிறகு ஞாயிற்றுக்கிழமைகள். கம்பிக்கு எலக்ட்ரிக் அடுப்பின் சுருளை நீட்டி இழுத்துக் கட்டினேன்.

அண்ணன் முதலில் பக்கத்தில்கூட வரவில்லை. பாயில் படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பான். ராஜா அண்ணாமலைபுரத்தில் கால்வாயை ஒட்டிய ஒன்றரை அறை வீடு எங்களுடையது. வெளியே பறக்கும் ரயிலுக்குத் தூண் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த இடி நாள் முழுக்க விழுந்துகொண்டே இருக்கும். முதன்முதலாக ஆசிலேட்டர் கத்தியது அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான்.

"கொசு கத்துது," என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

நான் விரலால் கம்பியைத் தடவினேன். கொசு மேலும் கீழும் போனது. அண்ணன் எழுந்து வந்தான். என் கையை நகர்த்திவிட்டுத் தன் ஆட்காட்டி விரலை வைத்தான். ஒரு தடவை மேலே போனான், இடத்தைத் தவறவிட்டான். மறுபடியும் போனான். மூன்றாவது தடவை கீழே இருந்து கிளம்பி, வழுக்கிப் போய், சரியான இடத்தில் நின்று, அங்கே லேசாக ஆட்டினான். கொசுவின் சத்தம்தான், ஆனால் போன விதம் அவனுடையது. அவன் விரலை எடுக்கவே இல்லை.

"கொசு மாறி இல்லாம பண்ண முடியுமா?" என்று கேட்டான்.

ஒற்றை ஆசிலேட்டரின் சத்தம் அப்படித்தான் தட்டையாக இருக்கும் என்று கட்டுரையிலேயே எழுதியிருந்தது. இரண்டை ஒன்றாக ஓடவிட்டால் சத்தத்துக்குச் சதை பிடிக்கும். ஒரு ஸ்தாயி கீழே மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் நெஞ்சிலிருந்து வருவது போல இருக்கும். மூன்றுக்கும் ஒரே கம்பியிலிருந்து வோல்டேஜ் போக வேண்டும். விரல் நகர்ந்தால் மூன்றும் ஒரே அளவு நகர வேண்டும். படிக்கச் சுலபமாக இருந்தது.

இன்னும் இரண்டு ஆசிலேட்டர்கள் செய்தேன். ஒவ்வொன்றையும் தனியாக இணைத்துச் சுருதி சேர்த்தபோது சரியாக இருந்தன. மூன்றையும் சேர்த்து இணைத்ததும் எதுவுமே சரியாக இல்லை. நான் மீட்டரைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்தவன் அண்ணன், காதால்.

"இத்த கழட்டுனா அது ஏறுது. மாட்டுனா எறங்குது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தெருக் குழாயில் ஒருவர் தண்ணீர் பிடிக்கும்போது இன்னொருவர் திறந்தால் முதலாமவருக்கு வேகம் குறைவது போல, ஒவ்வொரு ஆசிலேட்டரும் கம்பியிலிருந்து துளி கரண்டை உறிஞ்சியது. துளிதான், ஆனால் மேல் ஸாவுக்குப் போகும்போது அந்தத் துளி அபஸ்வரம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பஃபர் என்ற ஒரு சின்ன ஐ.சி. சிப்பைப் போட்டேன். அது கம்பியில் எவ்வளவு வோல்டேஜ் இருக்கிறது என்று பார்த்து, கம்பியைத் தொந்தரவு செய்யாமல், அதே அளவைத் தன் கையிலிருந்து கொடுக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மூன்றும் ஒன்றாக ஓடின. மார்கழி மாதம், வீடு குளிர்ச்சியாக இருந்தது. அண்ணன் தன் பழைய பாட்டு ஒன்றின் சரணத்தை வாசித்தான். அம்மா அரிசி களைந்த கையோடு வந்து நிலையில் நின்றாள். முடிந்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அவன் கொரலு மாறி இல்ல," என்றாள். பிறகு, "ஆனா அவன் மூச்சு வுடற எடம்லாம் தெரியுது," என்றாள்.

அண்ணன் அன்று இரண்டு தட்டு சாதம் சாப்பிட்டான். அதற்கப்புறம் தினமும் நான் வேலையிலிருந்து வருவதற்காகக் காத்திருப்பான். சுருதி சேர்ப்பது அவன் வேலை, ஸ்க்ரூ திருகுவது என் வேலை. பேசினால் களைத்துவிடுவான் என்பதால் கட்டைவிரலை மேலே காட்டுவான், கீழே காட்டுவான். அப்படி நான்கைந்து வாரம் போனது. என் வாழ்க்கையில் நான் நிம்மதியாக இருந்த வாரங்கள் என்று அவற்றைச் சொல்லலாம்.

மாசியில் வெயில் ஏறத் தொடங்கியதும் மூன்றும் பிரிய ஆரம்பித்தன.

ஆசிலேட்டருக்குள் வோல்டேஜை ஸ்வரமாக மாற்றுவது ஒரு ஜோடி டிரான்சிஸ்டர்கள். அவற்றுக்குச் சூடு ஆகாது. கொஞ்சம் சூடேறினாலும் ஸ்வரம் நகரும். மூன்றும் ஒரே பக்கமாக நகர்ந்திருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். ஒன்று ஏறும், ஒன்று இறங்கும், ஒன்று கீழே சரியாக இருந்து மேலே போனால் தவறும். காலையில் சுருதி சேர்த்தால் பத்து மணிக்கு லேசாக ஓர் அலை கேட்கும். அலை வேகமாகும். பதினொரு மணிக்கு மூன்று பேர் சண்டை போடுவது போல இருக்கும். கீழ் ஸாவைச் சரிசெய்தால் மேல் ஸா போய்விடும். மேலே சரிசெய்தால் கீழே போய்விடும். அண்ணனின் கட்டைவிரல் மேலே, கீழே, மேலே, கீழே.

இதைச் சமாளிக்க ஒரு தனி வகை ரெசிஸ்டர் உண்டு, சூட்டுக்கு ஏற்ப அதுவும் மாறி டிரான்சிஸ்டரைச் சரிக்கட்டும் என்று கட்டுரையில் இருந்தது. ரிச்சி தெருவில் கடை கடையாகக் கேட்டேன்.

"அந்த மாறி ஐட்டம்லாம் இங்க யாரும் கேக்கறதே இல்லம்மா," என்றார் ஒரு கடைக்காரர். "வந்தாதான் நாங்க வெப்போம்."

டிரான்சிஸ்டர்களை நூறு நூறாக வாங்கி மீட்டரில் அளந்து, ஒத்துப்போகும் ஜோடிகளைப் பொறுக்கினேன். ஜோடியை முதுகோடு முதுகாக ஒட்டி, மேலே செம்புத் தகடு சுற்றினேன். மூன்று ஆசிலேட்டர்களையும் ஒரு தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, உள்ளே ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பைப் போட்டேன். வெளியே என்ன சூடு இருந்தாலும் உள்ளே ஒரே சூடாக இருக்கட்டும் என்று. பல்ப் எரிந்து ஒரு மணி நேரம் ஆனதும் சுருதி சேர்த்தால் இருபது நிமிடம் நின்றது. ஒரு பாட்டுக்கு ஐந்து நிமிடம்தானே என்று எனக்குத் தோன்றியது.

அண்ணனுக்குத் தெரியாமல் குழுவின் தலைவரிடம் போய்ப் பேசினேன். ஒத்திகைக்கு எடுத்து வரச் சொன்னார். அண்ணன் முதலில் மறுத்தான். பிறகு சட்டையை அயர்ன் பண்ணினான்.

பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில், வெயிலில் கொதிக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில் ஒத்திகை. மத்தியானம் மூன்று மணி. ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் பல்பை எரியவிட்டுச் சுருதி சேர்த்தோம். புதுப் பையன் எழுந்து நின்று அண்ணனுக்கு நாற்காலி போட்டான். பல்லவி நன்றாகவே போனது. தபலாக்காரர் அண்ணனைப் பார்த்துச் சிரித்ததுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. அனுபல்லவியில் அலை கேட்டது. எனக்கே கேட்டது, காதில்லாத எனக்கு. அண்ணன் விரலை நகர்த்திப் பிடிக்கப் பார்த்தான். ஒன்றைப் பிடித்தால் மற்றது விலகியது. மூன்றுக்கும் ஒரே விரல்தானே. சரணத்துக்கு வருவதற்குள் அது அழுகிற குழந்தையின் சத்தமாகிவிட்டது. வாசிப்பை அண்ணன் நிறுத்தவில்லை, மற்றவர்கள்தான் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

தலைவர் எழுந்து வந்து அண்ணனின் தோளில் கை வைத்தார்.

"நைனா, கோச்சிக்காத. ஒண்ண மட்டும் வெச்சா சுதி நிக்கும், ஆனா கொசு கத்தும். மூணு வெச்சா நல்லா கீது, ஆனா நிக்க மாட்டேன்னுது. கல்யாண வூட்ல நான் இன்னா பண்ணுவேன், சொல்லு."

அண்ணன் தலையாட்டினான். ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுற்றினான். பஸ்ஸில் தெர்மோகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். பல்பின் சூடு அதில் இன்னும் இருந்திருக்கும். மந்தைவெளியில் இறங்கும்போது, "பாப்பா, நீ வுட்டுடு," என்றான்.

நான் விடவில்லை. இன்னும் ஒரு வருடம் அதைக் கட்டி அழுதேன். புதிய சர்க்யூட்கள், புதிய பெட்டிகள். பல்புக்குப் பதிலாகச் சூட்டை அளந்து தானே அணைந்து எரியும் ஹீட்டர். கம்பெனியில் என்னோடு சேர்ந்தவர்கள் வேறு நல்ல வேலைகளுக்குப் போனார்கள். என்னைப் பார்க்க வந்த இரண்டு மாப்பிள்ளை வீட்டாரை அம்மா அறையின் ஒரு பக்கமாகவே உட்காரவைத்து அனுப்பினாள், மறுபக்கம் முழுக்க ஒயர். அண்ணன் கூப்பிட்டால் வந்து கட்டைவிரலைக் காட்டுவான். எனக்காகத்தான் வருகிறான் என்று தெரிந்தது. தெரிந்தும் கூப்பிட்டேன். பெட்டி பாடிவிட்டால் அந்த ஃபார்மைப் பற்றிச் சொல்லவே தேவையிருக்காது என்று நினைத்தேன் போலிருக்கிறது.

சித்திரை மாதம் ஒரு மத்தியானம் கரண்ட் போய்விட்டது. ஹீட்டர் அணைந்தது. சுருதி சேர்த்ததெல்லாம் வீண். நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கரண்டுக்காகக் காத்திருந்தோம். அண்ணன் பத்திரிகை அட்டையால் எனக்கும் சேர்த்து விசிறிக்கொண்டிருந்தான். அந்த விசிறல்தான் என்னைச் சொல்ல வைத்தது என்று நினைக்கிறேன்.

"அண்ணா, ஆஸ்பத்திரில அந்த ஃபார்ம்ல கொரலு போலாம்னு எழுதியிருந்துது. நான் படிச்சேன். உன்கிட்ட சொல்லல."

விசிறல் நின்றது. வெளியே தூண் இறக்கும் இடி இரண்டு மூன்று தடவை விழுந்தது. அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று காத்திருந்தேன். அவன் பேசியபோது கோபம் இல்லை. நிறுத்தி நிறுத்தி, மூச்சு சேர்த்துச் சொன்னான்.

"நான் ஆபரேஷன் வேணாம்னு சொல்லிருக்க மாட்டேன் பாப்பா. எனக்கும் சாவ பயந்தான்."

பத்திரிகை அட்டையைத் தரையில் வைத்தான்.

"ஒரு நாள் கேட்டிருப்பேன். ஒரே ஒரு நாள். எங்கனா போயி நாலு பாட்டு ரெகார்டு பண்ணி வெச்சிருப்பேன்."

நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்கியுமே இல்ல பாப்பா. ஒரு கேசட்ல கூட நான் இல்ல."

கரண்ட் வந்தது. மின்விசிறி சுற்றியது. ஸ்விட்ச் போட்டபடியே இருந்ததால் மூன்று ஆசிலேட்டர்களும் ஆளுக்கொரு ஸ்வரத்தில் கத்த ஆரம்பித்தன. அண்ணன் கையை நீட்டி அணைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

மறுநாளும் பேசினான், அதற்கு மறுநாளும். சாப்பிட்டாயா, பஸ் கிடைத்ததா என்றெல்லாம் கேட்டான். அந்தப் பேச்சை மட்டும் இரண்டு பேரும் எடுக்கவில்லை. நான் வீடியோ எடுப்பவர்களைத் தேடிப் போக ஆரம்பித்தேன். தி.நகர், அசோக் நகர், மயிலாப்பூர் என்று கல்யாண வீடியோ எடுக்கும் கடைகள் எத்தனை உண்டோ அத்தனையிலும் ஏறி இறங்கினேன். பாட்டு ஏற்றாத பழைய ஒரிஜினல் டேப் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். டேப்பை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துவிடுவார்களாம். அசோக் நகரில் ஒருவர் மட்டும் ஒரு அட்டைப்பெட்டியைக் காட்டினார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் கடையிலேயே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். ஒரு டேப்பில் பந்தியைப் படம் பிடிக்கும்போது, தட்டுச் சத்தத்துக்கும் சாம்பார் கேட்கும் குரல்களுக்கும் பின்னால், தூரத்தில் பாட்டு கேட்டது. ஒரு நிமிடம்கூட இருக்காது. அண்ணனின் பாட்டு. அதை மட்டும் ஆடியோ கேசட்டில் ஏற்றி வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனபோது அண்ணன் இல்லை. முதலில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அம்மா டேப்ரிகார்டருக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய்க் கேட்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

"இது அவன் இல்லடி," என்றாள். "அந்தப் புதுப் பையன்."

"நல்லா கேளும்மா. அண்ணா பாட்டுதான இது."

"பாட்டு அவனுதுதான். கொரலு அவனுது இல்ல. எனக்குத் தெரியாதா?"

நான் மறுபடியும் போட்டேன். எத்தனை தடவை போட்டாலும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு வருடம் அந்தக் குரலைத்தான் பெட்டிக்குள் கொண்டுவரப் பார்த்திருக்கிறேன். அது எப்படி இருந்தது என்பதே என் காதில் இல்லை. கேசட்டை அண்ணன் கண்ணில் படாமல் எடுத்துப் போய்க் கால்வாயில் போட்டேன். கால்வாயில் அப்போது தண்ணீரே கிடையாது, சேறுதான். கேசட் அமிழாமல் கொஞ்ச நேரம் மேலேயே கிடந்தது.

அந்த வாரம் மூன்று ஆசிலேட்டர்களையும் பிரித்தேன். நல்ல ஐ.சி.களைக் கழற்றி டப்பாவில் போட்டு வைத்தேன். கம்பெனியில் எப்போதாவது தேவைப்படும். பலகையை அம்மா அரிவாள்மணைக்கு அடியில் போட்டுக்கொண்டாள். அண்ணன் வந்து பார்த்தான். அறையின் அந்தப் பக்கம் காலியாக இருந்தது. பாயை அங்கே விரித்துப் படுத்தான்.

அடுத்த வருடம் அவனுக்கு அசோக் நகரில் ஒரு கேபிள் டி.வி. ஆபீசில் வேலை கிடைத்தது. மத்தியானம் ஒரு படம், சாயங்காலம் ஒரு படம், நடுவில் பாட்டுகள். நேரத்துக்குச் சரியாகக் கேசட்டை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அங்கேயே பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கினான். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவான், சில வாரம் வர மாட்டான்.

ஒரு நாள் வேலை முடிந்து அவனைப் பார்க்கப் போனேன். ஜன்னலில்லாத சின்ன அறை. இரண்டு டெக், ஒரு டி.வி., ஒரு டெலிபோன். டி.வி.யில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்திருந்தான். எனக்கு டீ வாங்கி வரக் கூட வேலை செய்பவரை அனுப்பினான். அவர் போயிருந்த நேரத்தில் டெலிபோன் அடித்தது. அண்ணன் எடுத்தான். எங்கோ ஒரு வீட்டில் படம் தெரியவில்லை என்று ஒரு பெண்மணி சத்தமாகப் பேசினார். எனக்கே கேட்டது. அண்ணன் கேட்டுக்கொண்டான். ஆள் வருவார் என்று இரண்டு வார்த்தை சொன்னான்.

"என்ன சார், தொண்ட கட்டிக்கிச்சா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஆமாங்க," என்றான் அண்ணன். "நேத்துலருந்து."

போனை வைத்துவிட்டு முகவரியை நோட்டில் எழுதினான். பாட்டு முடியப் போகிறதா என்று டி.வி.யைப் பார்த்துக்கொண்டான்.